பாத்திரம் தேய்க்கும்போது கூப்பிட்டவர்

மல்சுன் கிழவி மூன்றாவது முறையாக அதே கிண்ணத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது முதல் தடவையிலேயே பளிச்சென்று ஆகிவிட்டது. மருமகள் ஹேரான் கூடத்தில் உட்கார்ந்து ஆப்பிள் தோல் சீவுவதுபோல் பாவனை பண்ணிக்கொண்டு, அந்தத் தேய்ப்புச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மாடி, இங்க கொஞ்சம் வா" என்று கிழவி கூப்பிட்டாள். "உன்னை ஆண்டவர் கூப்பிட்டப்போ கிண்ணம் தேய்ச்சுக்கிட்டு இருந்தியா, சட்டியா?"

"அது... சரியா ஞாபகம் இல்ல அத்தே."

"சபையில சாட்சி சொன்னப்போ சட்டின்னு சொன்னியாமே. அடிப்பிடிச்ச சட்டின்னு."

"ஆமா, சட்டிதான்."

"அதான பாத்தேன். கிண்ணத்துக்கெல்லாம் வரமாட்டார் போல." கிழவி குனிந்து, மேடைக்கு அடியில் கிடந்த இரும்புச் சட்டியை வெளியே இழுத்தாள். அதுவும் சுத்தமான சட்டிதான்.

ஹேரானுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வசந்த காலத்திலிருந்து இதே கூத்துதான். கிழவி வாரத்தில் பாதி நாள் மகன் வீட்டுக்கு வந்து தங்குவாள். வந்ததும் நேராகச் சமையலறைக்குப் போய்விடுவாள். மீதி நாட்களில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பழைய வீட்டில் இதையே செய்கிறாள் என்று அங்கே அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். கூப்பிட்டால் காதில் விழ வேண்டுமே என்று டி.வி. கூடப் போடுவதில்லை. குழாயையும் சத்தம் வராமல் நூலாக ஒழுகவிட்டுத்தான் தேய்ப்பாள்.

ஆண்டவர் தன்னையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார் என்று அவள் காத்திருந்தாள். மருமகளைக் கூப்பிட்டவர் மாமியாரைக் கூப்பிடமாட்டாரா என்ன? ஆனால் மருமகளை அவர் கூப்பிடவே இல்லை. அது ஹேரான் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

ஆன்டோங் ஊரில் மூத்த மகனைக் கட்டிக்கொண்டவளுக்கு என்ன கதி என்று தெரியாத பெண் கிடையாது. ஹேரான் தெரிந்தேதான் கண்ணாடிக் கடை தோசிக்கைக் கட்டிக்கொண்டாள். அவன் நல்லவன்தான், என்ன செய்வது, மூத்தவனாகப் பிறந்துவிட்டான். மாமனார், மாமனாரின் அப்பா அம்மா, அவர்களுக்கும் மேலே உள்ள தாத்தா பாட்டி என்று செத்துப்போனவர்கள் அத்தனை பேருக்கும் அவரவர் நாளில் படையல். அது போக அறுவடைப் பண்டிகைக்கு ஒன்று, புத்தாண்டுக்கு ஒன்று. மீன், கோழி, கறிச் சூப்பு, அரிசிப் பண்டம், கீரை வகை எல்லாம் ஒரு பக்கம் கிடக்கட்டும். அந்த ஜொன் வறுவல் இருக்கிறதே, அதுதான் ஆளைக் கொல்லும். பூசணித் துண்டு, மீன் துண்டு, டோஃபு என்று ஒவ்வொன்றையும் மாவில் புரட்டி, முட்டையில் தோய்த்து, தரையில் வைத்த தட்டைச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட வேண்டும். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருக்கலாம். இடுப்பு கழன்றுபோகும். தலைமுடியில் ஏறின எண்ணெய் வாடை இரண்டு குளியலுக்கும் போகாது. ஆண்கள் சலவைச் சட்டையோடு வந்து, விழுந்து கும்பிட்டு, தின்றுவிட்டுப் போவார்கள். சியோலில் இருக்கிற ஓரகத்திக்கு ஒவ்வொரு தடவையும் சொல்லிவைத்தாற்போல் ரோட்டில் நெரிசல் வந்துவிடும்.

பக்கத்து வீட்டு நோ அக்காதான் அவளைச் சபைக்கு அழைத்துப்போனது. ஹேரான் போனது ஆண்டவருக்காக இல்லை. ஆராதனை முடிந்ததும் கீழ்த்தளத்தில் போடுகிற சூப்பு நூடுல்ஸுக்காகவும், கொஞ்ச நேரம் யாரும் வேலை ஏவாத ஓர் இடத்தில் உட்கார்ந்திருப்பதற்காகவும் போனாள். இதில் தப்பு ஒன்றும் இல்லை. பாதிப் பேர் அப்படித்தான் போகிறார்கள். தப்பு அதற்கப்புறம் நடந்தது.

"நம்ம ஆண்டவரைக் கும்பிடறவங்க படையல் வைக்கக் கூடாது, தெரியுமில்ல?" என்று ஒரு நாள் நோ அக்கா சொன்னாள். ஹேரானுக்குள் ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது. ஆனால் மாமியாரிடம் போய் "சபையில வேண்டாங்கறாங்க" என்று சொன்னால் நடக்குமா? "சபைக்காரன் வந்து எனக்குக் கொள்ளி போடுவானா" என்று கேட்பாள். சபையைவிடப் பெரிய ஆள் தேவைப்பட்டது. அதனால் மாமனாரின் படையலுக்கு முதல் நாள், மாமியார் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டாள்.

"அத்தே, நேத்து பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு இருந்தேன். 'ஹேரான்'னு ஒரு குரல் கேட்டுச்சு. திரும்பிப் பாத்தா யாரும் இல்ல. 'நீ என்னுடையவ, படையலத் தொடாதே'ன்னு சொல்லுச்சு."

கிழவி அவளை வெகுநேரம் பார்த்தாள். கரண்டி பறந்து வரும் என்று ஹேரான் எதிர்பார்த்தாள். "சாமியே வந்து சொல்லிட்டா அப்புறம் நான் யாரு மறிக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மல்சுன் மாவுப் பாத்திரத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

அன்றிலிருந்து அத்தனை வருஷமும் கிழவி ஒருத்தியாக உட்கார்ந்து ஜொன் சுட்டாள். படையல் நாட்களில் ஹேரான் கதகதப்பான தரையில் காலை நீட்டிப் படுத்து நாடகம் பார்த்தாள். முதல் இரண்டு தடவை கொஞ்சம் உறுத்தியது. பிறகு நாடகத்தில் கவனம் போய்விட்டது.

பொய்யும் ஒரு பக்கம் வளர்ந்துகொண்டிருந்தது. நோ அக்கா போதகரிடம் சொல்ல, போதகர் எல்லோர் முன்னாலும் சாட்சி சொல்லச் சொல்ல, ஹேரான் எழுந்து நின்று சொன்னாள். முதல் தடவை வெறும் பாத்திரம். அடுத்த தடவை அது அடிப்பிடித்த சட்டி ஆயிற்று. அப்புறம் சோப்புத் தண்ணீரில் ஒரு வெளிச்சமும் சேர்ந்துகொண்டது. பெண்கள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார்கள். மாமியாரை எதிர்த்து விசுவாசத்தில் நின்றவள் என்று சொல்லிச் சபையில் அவளுக்குப் பொறுப்பும் கொடுத்தார்கள். 'ஆண்டவரே' என்று மும்முறை உரக்கக் கூப்பிட்டுவிட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபிக்கிற வேளையில், ஹேரானும் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தாள். மனசுக்குள் ராத்திரிக்கு என்ன சூப்பு வைக்கலாம் என்று ஓடிக்கொண்டிருந்தது.

இந்தக் கதை இப்படியே போயிருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் இந்த வசந்த காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைசி பெஞ்சில் மல்சுன் கிழவி வந்து உட்கார்ந்திருந்தாள்.

"எங்க அத்தே இந்தப் பக்கம்?" என்று ஹேரான் பதறிப்போய்க் கேட்டாள்.

"உங்க ஆண்டவரை எனக்கும் பழக்கிவிடு. உனக்குத்தான் நல்லா தெரியுமே" என்றாள் கிழவி.

ஏன் வந்தாள் என்பது சில வாரம் கழித்துத் தெரிந்தது. சமையலறையில் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஹேரானின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"உம் புருஷனுக்கு மூத்தவளா எனக்கு ஒரு பொண்ணு இருந்தா. மலைச்சரிவுல தல்லேக் கீரை முளைக்கிற சமயத்துல பொறந்தா, அதனால தல்லேன்னு கூப்பிட்டேன். நடக்க ஆரம்பிச்சதும் காய்ச்சல்ல போயிட்டா. கல்யாணம் ஆகாத பிள்ளைக்குப் படையல் கிடையாது பாரு. பாத்தே இராத கிழவனுக்கெல்லாம் வருஷா வருஷம் ஆக்கிப் போட்டேன். எம் பொண்ணுக்கு ஒரு பிடி சோறு வைக்க விடல. பேரச் சொன்னாக்கூட உன் மாமனார் 'செத்தது செத்துப்போச்சு, வாய மூடு'ம்பாரு."

இத்தனை வருஷத்தில் இந்தப் பெயரை ஹேரான் கேட்டதே இல்லை.

"நான் சோறு போட்ட ஆவிங்க ஒண்ணாவது என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. உங்க ஆண்டவர் பாத்திரம் தேய்க்கறவ பேரைத் தெரிஞ்சு வெச்சிருக்காரு. அப்படிப்பட்டவருக்கு தல்லே எங்க இருக்கான்னும் தெரிஞ்சிருக்கும் இல்ல? கூப்பிட்டார்னா கேக்கலாம்னு இருக்கேன்."

அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. வந்ததை ஆப்பிளோடு சேர்த்து மென்று விழுங்கிவிட்டாள்.

இலையுதிர் காலம் வந்தது. நன்றி கூறும் ஞாயிறன்று ஞானஸ்நானம் வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு போதகர் பேக் வீட்டுக்கு வந்தார். இளைஞர், அநியாயத்துக்குச் சந்தோஷமாக இருப்பார். "அம்மா பேரையும் எழுதிக்கட்டுமா? அன்னைக்கு மருமக சாட்சி சொல்லட்டும். கேக்கறதுக்கே எவ்வளவு அழகா இருக்கும்" என்றார்.

"என் பேரு வேண்டாம் போதகரே" என்றாள் மல்சுன்.

"ஏம்மா? தவறாம வர்றீங்களே."

"கூப்பிடாத வீட்டுக்கு விருந்துக்குப் போறதா? வசந்தத்துலேருந்து நின்னு பாத்துட்டேன். என்னை அவருக்குப் பிடிக்கல. இவளை அந்தக் காலத்துல கொஞ்சமா படுத்தினேன்? அதான் மனசுல வெச்சிருக்காரு. நியாயந்தானே. நான் இந்த வருஷம் பழையபடி எங்க வீட்டுக்காரருக்குப் படையல் வெச்சுட்டுக் கிடக்கேன்."

போதகர் என்னென்னவோ சொன்னார். கிழவி மரியாதையாகக் கேட்டுக்கொண்டாளே தவிர மசியவில்லை. அருகில் நின்ற ஹேரான் தேநீர்த் தட்டைக் கீழே வைத்தாள். ஒரு நாள் இடுப்பு வலிக்காகச் சொன்ன பொய், ஒரு கிழவியை ஆண்டவரின் வாசலிலிருந்து திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. அதுவும் 'உன்னைப் பிடிக்கவில்லை' என்று சொல்லி.

அன்று சாயங்காலம் நோ அக்காவிடம் போனாள். நேராகச் சொல்லத் தைரியம் இல்லை. "அக்கா, ஒருத்தி சொன்ன சாட்சி... முழுசா நடந்தது இல்லேன்னு வெச்சுக்கங்களேன்" என்று இழுத்தாள்.

நோ அக்கா கிம்ச்சி நறுக்குவதை நிறுத்திவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். புத்திசாலி, சட்டென்று புரிந்துகொண்டாள்.

"வாய மூடிக்கிட்டு இரு. அதக் கேட்டு எத்தனை பேர் அழுதிருக்காங்க தெரியுமா? உன் ஒருத்தி மனசு லேசாகணும்னு அத்தனை பேர் மனசுல மண்ணைப் போடுவியா?"

"அத்தே ஞானஸ்நானம் வேண்டாங்கறாங்க அக்கா."

"அதுக்கு என்ன, ஒரு வார்த்தை போதும். 'நேத்து கனவுல ஆண்டவர் சொன்னாரு, உங்களையும் கூப்பிடறாராம்'னு சொல்லிடு. கிழவிக்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி. ஆண்டவருக்கும் ஒரு ஆத்துமா லாபம்."

கேட்க எவ்வளவு சுலபமாக இருந்தது தெரியுமா? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஹேரான் அதையே மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. முதல் பொய்யைவிட நன்றாக இருந்தது.

மாமனார் படையலன்று காலையில் அவள் பழைய வீட்டுக்குப் போனாள். முற்றத்தில் துணிக்கொடியை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். வருகிற ஆவியின் கழுத்தில் கயிறு மாட்டிக்கொள்ளக் கூடாதென்று படையலன்று அப்படிச் செய்வது அந்த வீட்டு வழக்கம். கிழவி சமையலறைத் தரையில் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்து பூசணித் துண்டுகளை முட்டையில் தோய்த்துக்கொண்டிருந்தாள். மருமகளைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினாள்.

"நீ எங்க இங்க? உங்க ஆண்டவர் திட்டப்போறாரு."

"அத்தே, நேத்து ராத்திரி கனவுல..." என்று ஹேரான் ஆரம்பித்தாள்.

ஆரம்பிக்கும்போதே கண் கிழவியின் கைக்குப் போய்விட்டது. விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. இரண்டு விரலில் பிளாஸ்திரி. உப்புப் போட்ட முட்டைக்குள் விரல் போகும்போதெல்லாம் கிழவி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"கைக்கு என்னாச்சு அத்தே?"

"சோப்பு ஒத்துக்கல. நாள் பூரா தேய்ச்சா வெடிக்காம என்ன செய்யும்? கனவுல என்ன, சொல்லு."

ஹேரான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவர் கூப்பிடல அத்தே."

"அதான் தெரியுமே. கூப்பிடலைன்னுதானே இங்க உக்காந்து ஜொன் சுடறேன்."

"உங்கள இல்ல. என்னை. என்னை அவர் கூப்பிடவே இல்ல. பாத்திரமும் இல்ல, சட்டியும் இல்ல, குரலும் இல்ல. எல்லாம் பொய். எனக்கு இடுப்பு வலிச்சுது. ஜொன் சுட முடியல. அதுக்காகச் சொன்னேன்."

சட்டியில் பூசணித் துண்டுகளின் ஓரம் பழுப்பாகி, கறுக்க ஆரம்பித்தது.

"திருப்பு" என்றாள் கிழவி.

"என்ன அத்தே?"

"கருகுது. திருப்பிப் போடு."

ஹேரான் மரக்கரண்டியை எடுத்துத் திருப்பினாள். வருஷக்கணக்காகத் தொடாத வேலை. இரண்டு துண்டு உடைந்துபோயின.

"இடுப்பு வலின்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன் அத்தே. 'எனக்கு மட்டும் இடுப்பு இல்லையா'ன்னு கேட்டீங்க."

"கேட்டிருப்பேன்" என்றாள் கிழவி. பிறகு, "சபையில கண்ணை மூடிக்கிட்டு அவ்வளவு நேரம் பேசுவியே, அது யார்கிட்ட?"

"யார்கிட்டயும் இல்ல. ராத்திரிக்கு என்ன சூப்புன்னு யோசிச்சுக்கிட்டு இருப்பேன்."

"அப்போ உனக்கும் அவரைத் தெரியாதா?"

"தெரியாது."

"அப்ப... அவருக்கு என்மேல வெறுப்புன்னு நான் நினைச்சேனே, அதுவும் இல்லையா?"

இந்தக் கேள்வியை ஹேரான் எதிர்பார்க்கவில்லை. இல்லவே இல்லை என்று சொல்ல ஆசையாக இருந்தது. ஆனால் அவளுக்கு என்ன தெரியும்? "எனக்குத் தெரியாது அத்தே. அவரப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது. உங்க கையை வெடிக்க வெச்சது நான்தான், அவர் இல்ல. அது மட்டும் தெரியும்."

கிழவியின் முகம் அப்போதுதான் மாறியது. வெடித்த கையை ஹேரானின் மூக்குக்கு நேராக நீட்டினாள். "எம் பொண்ணப் பத்திக் கேக்கறதுக்காக நின்னேன்டி. காதத் தீட்டிக்கிட்டு நின்னேன். தெருவுல எவனாவது கூப்பிட்டாக்கூட எனக்கு நெஞ்சு அடிச்சுக்கும். நீ கூடத்துல உக்காந்து ஆப்பிள் தின்னுக்கிட்டு இருந்திருக்க." எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஹேரான் மிச்ச ஜொன்னை எல்லாம் அவளே சுட்டாள். பூசணி முடிந்து மீன், மீன் முடிந்து டோஃபு. இடுப்பு பிளந்தது. தலைமுடியில் எண்ணெய் ஏறியது. மத்தியானம் வந்து எட்டிப் பார்த்த தோசிக், பெண்டாட்டி சட்டிக்கு முன்னால் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "உங்க ஆண்டவர் அனுமதி குடுத்துட்டாரா?" என்று சிரித்தான். அவள் நிமிராமல் அடுத்த துண்டைத் திருப்பிப் போட்டாள். அவனும் புத்தியாக நகர்ந்துவிட்டான்.

பொழுது சாய்ந்ததும் ஆண்கள் படையல் மேஜையைப் பரப்பினார்கள். மது ஊற்றினார்கள், கும்பிட்டார்கள், சோற்றில் கரண்டியைக் குத்தி வைத்தார்கள். பிறகு, வந்தவர் கூச்சமில்லாமல் சாப்பிடட்டும் என்று விளக்கை எரியவிட்டு, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள். யாரும் பேசக் கூடாது. ஹேரான் தள்ளிப்போய், கொடி அவிழ்த்த கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றாள். மல்சுன் முற்றத்தின் மறு ஓரத்தில், இவள் பக்கமே திரும்பாமல் நின்றாள்.

மூடின கதவைப் பார்த்துக்கொண்டு நின்றபோது ஹேரானுக்கு உள்ளே எங்கிருந்தோ வந்தது. ஆண்டவரே, உங்களைத் தெரியும் என்று சொன்னேன், என்று ஆரம்பித்தாள். உதடு அசையவில்லை; சபையில் அசைத்த உதடு இங்கே தேவைப்படவில்லை. எனக்கு உங்களைத் தெரியாது. உங்கள் பேரை வைத்துக்கொண்டு தரையில் படுத்திருந்தேன். நீங்கள் பேசாததைப் பேசினீர்கள் என்றேன். அந்தக் கிழவி உங்களைத் தேடி வந்தாள். நடுவில் நான் நின்று மறைத்துவிட்டேன். நீங்கள் இருந்தால் என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், அவளுக்கு மட்டும் ஏதாவது சொல்லுங்கள்.

எந்தக் குரலும் கேட்கவில்லை. வெளிச்சமும் வரவில்லை. ஆனால் அவளுக்கு அப்படி ஒரு வெட்கம் வந்தது. காது மடல்வரை சுட்டது. மாமியார் முன்னால் பட்ட வெட்கம் வேறு, இது வேறு. இல்லாத ஒருவர் முன்னால் இப்படி வெட்கப்பட முடியுமா என்று அவளுக்குத் தோன்றியது. இத்தனை வருஷம் பொய் சொன்னபோதெல்லாம் எதிரே யாரும் இருந்ததில்லை. இன்றைக்கு யாரோ இருந்தார். அவளுக்கு அழுகை வந்தது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை சபை நிறைந்திருந்தது. முன்னால் பழங்களும் நெல்கதிரும் பூசணியும் அடுக்கியிருந்தார்கள். சாட்சி சொல்ல அவளைக் கூப்பிட்டபோது நோ அக்கா கண்ணாலேயே எச்சரித்தாள். ஹேரான் நேராகப் பார்க்காமல் முன்னே போனாள்.

"பாத்திரம் தேய்க்கும்போது ஆண்டவர் கூப்பிட்டார்னு இங்க நின்னு பல தடவை சொல்லியிருக்கேன்" என்றாள். "அப்படி எதுவும் நடக்கல. படையல் வேலைக்குப் பயந்து எங்க அத்தேகிட்ட சொன்ன பொய். அப்புறம் உங்ககிட்டயும் சொன்னேன். அதை நம்பி எங்க அத்தே கை வெடிக்கிற அளவுக்குப் பாத்திரம் தேய்ச்சாங்க. எனக்குக் குடுத்த பொறுப்பை எடுத்துக்கங்க. என்னை மன்னிச்சிடுங்க. அவ்வளவுதான்."

அவள் கதையைக் கேட்டு அழுத பெண்களில் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நோ அக்கா மடியிலிருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். போதகர் பேக்கின் சந்தோஷமெல்லாம் எங்கே போயிற்றோ, மைக்கைப் பிடித்துக்கொண்டு திகைத்துப்போய் நின்றார். ஹேரான் தலையைக் குனிந்தபடி, எந்தப் பக்கம் நடப்பதென்று தெரியாமல் நின்றாள்.

கடைசி பெஞ்சிலிருந்து யாரோ எழுந்து வருகிற சத்தம் கேட்டது. மல்சுன் கிழவி. அந்த முற்றத்துக்கு அப்புறம் மருமகளிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்கு வருவாள் என்றே ஹேரான் நினைக்கவில்லை. கிழவி நிதானமாக நடந்து வந்து போதகர் முன்னால் நின்றாள்.

"போதகரே, எனக்குத் தண்ணி ஊத்துவீங்களா?"

"அம்மா..." போதகர் தடுமாறினார். "நீங்க வேண்டாம்னு சொன்னீங்களே. இப்ப இவங்க சொன்னதைக் கேட்ட பிறகுமா?"

"இவ பொய் சொன்னா அதுக்கு அவரு என்ன பண்ணுவாரு?" என்றாள் கிழவி. "வியாழக்கிழமை எங்க வீட்டுக்காரருக்குப் படையல் வெச்சேன், அதையும் சொல்லிடறேன். இதான் கடைசின்னு அவர்கிட்டயும் சொல்லிட்டேன். உங்க ஆண்டவரை எனக்கு இன்னும் தெரியாது. இவளுக்கும் தெரியாதாம். தெரியாதவங்களுக்கு ஊத்த மாட்டீங்கன்னா சொல்லிடுங்க, போய் உக்காந்துக்கறேன்."

போதகர் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வரச் சொன்னார். கிழவி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தலையைக் குனிந்தாள். தண்ணீர் நெற்றி வழியாக ஒழுகி, பிளாஸ்திரி போட்ட விரல்களில் சொட்டியது.

நூடுல்ஸ் சாப்பாடு முடிந்ததும் கீழ்த்தளத்துச் சமையலறையில் பாத்திரம் மலையாகக் குவிந்தது. ஹேரானோடு சேர்ந்து தேய்க்க அன்றைக்கு யாரும் வரவில்லை. அவள் ஒருத்தியாக நின்று தேய்த்துக்கொண்டிருந்தபோது கிழவி வந்து பக்கத்தில் நின்று சட்டைக் கையை மடித்தாள்.

"வேண்டாம் அத்தே. கை எரியும்."

"எரியட்டும். நகரு."

ஹேரான் தன் கையிலிருந்த ரப்பர் உறையைக் கழற்றி நீட்டினாள். கிழவி வாங்கிக்கொண்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, ஹேரானும் கேட்கவில்லை. இருவரும் கொஞ்சம் பாத்திரம் தேய்த்தார்கள். கிழவி முன்புபோல் காது கொடுத்துத் தேய்க்கவில்லை. குழாயை முழுசாகத் திறந்துவிட்டு மடமடவென்று தேய்த்தாள்.

"அவர்கிட்ட நீ எப்பவாவது நெசமா பேசினியா?" என்று திடீரென்று கேட்டாள்.

"வியாழக்கிழமை. முற்றத்துல நின்னப்போ."

"என்ன சொன்ன?"

"உங்கள எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன். உங்க கையப் பத்திச் சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

இதற்கு ஒரு அழகான பதில் சொல்ல முடியும். ஹேரானுக்கு அந்தக் கலை கைவந்தது. "ஒண்ணும் சொல்லல அத்தே" என்றாள். "கேட்டுக்கிட்டு இருந்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான்."

கிழவி தலையாட்டிக்கொண்டாள். ஒரு சட்டியை எடுத்தாள். நிஜமாகவே அடிப்பிடித்த சட்டி. அதைத் தேய்த்துக்கொண்டே, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், பக்கத்து வீட்டுக்காரரோடு பேசுவதுபோல் பேச ஆரம்பித்தாள்.

"ஐயா, நான் மல்சுன். நீங்க கூப்பிடுவீங்கன்னு நின்னேன், அது என் மடத்தனம். நானே கூப்பிடறேன். எனக்கு தல்லேன்னு ஒரு பொண்ணு இருந்தா. சின்னப் பிள்ளை. உங்க பக்கம் வந்திருப்பா. இடது காதுக்குக் கீழ ஒரு மச்சம் இருக்கும். கஞ்சின்னா பிடிக்காது, கெட்டியாச் சோறு வேணும் அவளுக்கு. ராத்திரியில பயப்படுவா..."

அவள் பேசிக்கொண்டே போனாள். காய்ச்சல் வந்த நாளைச் சொன்னாள். மலைச்சரிவில் புதைத்த இடத்தைச் சொன்னாள். அங்கே போகக் கூடாதென்று தடுத்தவரைப் பற்றியும் கொஞ்சம் காட்டமாகவே சொன்னாள். ஹேரான் குழாயை மூடிவிட்டு அசையாமல் நின்றாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு கிழவி உறைக் கையின் பின்புறத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகமெல்லாம் சோப்பு நுரை ஒட்டிக்கொண்டது.

"எங்க வீட்டுக்காரரு நான் வாயத் தொறந்தா ஒரு நாளும் முடிக்க விட்டதில்ல" என்றாள் கிழவி. "இவரு முழுசாக் கேக்கறாரு."

பிறகு சட்டியை ஹேரானிடம் நீட்டி, "அலசு" என்றாள்.